தலைமைச் செயலகமும் அரசனும்

மனித மூளையும் கணினியும் வருங்காலத்தில் ஒன்றாகிவிடும் என்னுங் கூற்று இன்று பெரிதும் வழங்குகின்றது. அதன் வன்மை மென்மைகளைத் தமிழ்நூல்கள் காட்டும் இரண்டு உவமைகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் நிகழ்ந்தது யாதென அறிதல் வேண்டும். 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில், கழுத்தின்கீழ் உடல் செயலிழந்த ஓர் இளைஞரின் மூளையில், அசைவை ஆளும் பகுதியில், 96 நுண்ணிய மின்வாய்களைக் கொண்ட சிறு தகடு பதிக்கப்பட்டது. கையை அசைப்பதாக அவர் எண்ணியபோது நரம்புக்கலங்களில் எழுந்த மின்துடிப்புக்களைக் கணினி வாங்கி, அவற்றின் ஒழுங்கைக் கற்றுத் திரையிலுள்ள சுட்டியை நகர்த்தியது. 2024ஆம் ஆண்டில் 1024 மின்வாய்களையுடைய நியூராலிங்க் நிறுவனக் கருவி முதன்முறையாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டது.

சுஜாதா (1935–2008) மூளையைப் பற்றிய தம் நூலுக்குத் ‘தலைமைச் செயலகம்’ எனப் பெயரிட்டார். பொறியியலாளராகிய அவர் அறிவியலைப் பொதுவாசகர்க்கு விருந்தாக்கிய திறம் பெரிது. பெயரும் பொருத்தமானதே, பொறிகளிலிருந்து செய்திகள் வருகின்றன, உறுப்புக்களுக்கு ஆணைகள் செல்கின்றன. எனினும் செயலகம் என்றவுடன் அதனை ஆள்பவர் யார் என்னும் வினா எழும். அதற்கு இவ்வுவமையில் விடையில்லை. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அவருடைய ‘என் இனிய இயந்திரா’வில் இவ்வெற்றிடமே கதையாகின்றது. நாட்டை ஆள்பவனாகக் காட்டப்படும் ஜீவா வெறும் ஒளியுருவமே என்பது பின்னர் வெளிப்படும். சீவன் என்னும் பெயர் வெற்றுருவுக்குச் சூட்டப்பட்டமை நோக்கற்பாலது.

பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய மெய்கண்டாரும் சிவஞானபோதத்தின் நான்காஞ் சூத்திரத்தில் இதனையொத்த உவமையையே ஆள்கின்றார். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் அமைச்சர், ஆன்மா அரசன். கரணங்கள் சடம், அவற்றைக் கூடிநின்று அறிவது ஆன்மா. இவ்வாறு கொள்ளின் மனமும் ஒரு கருவியேயாதலின், அதனோடு கணினியை இணைத்தல் கருவியோடு கருவியைச் சேர்த்தலேயாம். அசைவதாக எண்ணும்படி நோயாளரைக் கேட்டே பொறியியலாளர் அக்கணினியைப் பழக்கினர் என்பதும் கருதத்தக்கது. அவ்வெண்ணமும் நரம்பின் தொழிலே என்பாருளர். அதனை அக்கருவி நாட்டவுமில்லை, மறுக்கவுமில்லை.

ஆயினும் சித்தாந்திகள் இவ்வளவில் அமைதல் கூடாது. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் என்பதும், படிகம் தன்னை அடுத்த நிறத்தைக் காட்டுமாறு போல என்பதும் அச்சாத்திரத்தின் துணிபே. ஏவியதைச் செய்யுங் கருவி கைகால்களை ஒத்தது. விருப்பத்தை மூளைக்குள் எழுதவல்ல கருவி தோன்றுமாயின் அஃது அமைச்சனாய் நின்று அரசனுக்கு ஓதும். ஓதப்பட்டதைத் தன் விருப்பெனக் கொள்ளும் அரசன் அரியணையிலிருந்தும் ஆளப்படுபவனே. அவனுக்கும் ஜீவாவுக்கும் வேற்றுமை சிறிது. சுஜாதாவின் நாவல் காட்டும் அச்சம் ஈண்டு மெய்கண்டார் கொள்கையோடு ஒன்றுபடுகின்றது. அறிவியல் நூலில் அவர் விட்ட இடத்தைப் புனைகதையில் அவரே தொட்டுவிட்டார் எனலாம்.

போரிலே கைகால் இழந்தோரும் முள்ளந்தண்டு ஊறுபட்டோரும் வாழும் நம் குடாநாட்டில் இது வெறுந் தத்துவ வினாவன்று. செயற்கைக் காலைப் பூண்டு ஒருவர் நடக்குங்கால், அக்கால் நடக்கின்றது என எவருங் கூறார். அத்தகைய உதவியைச் செய்யுங் கருவி எதுவாயினும் வரவேற்கற்பாலதே. அதனை மூளையில் ஏற்குமுன் அஃது எவருடைய ஏவலைக் கேட்கும் என்பதை மட்டும் நாம் தெளிந்துகொள்ளல் வேண்டும்.