சூக்கியின் சம்மதம்

அமெரிக்க எழுத்தாளர் சார்லெய்ன் ஹாரிஸ் அம்மையார் 2001-ஆம் ஆண்டில் தொடங்கிய இரத்தக்காட்டேரிக் காதல் புதின வரிசை, 2013-ஆம் ஆண்டு மே மாதம் வெளியான 'டெட் எவர் ஆஃப்டர்' என்னும் பதின்மூன்றாம் நூலோடு நிறைவெய்தியது. நூல் கடைகளுக்கு வருமுன்பே கதையின் முடிவு வெளியே கசிந்துவிட்டது. கதைத்தலைவி சூக்கி ஸ்டாக்ஹவுஸ் தான் காதலித்த எரிக் என்னும் இரத்தக்காட்டேரியோடு இணையவில்லை, தான் பணிபுரியும் மதுக்கூடத்தின் உரிமையாளனாகிய சாம் மெர்லாட்டின் பக்கம் திரும்புகிறாள் என்று தெரிந்ததும் வாசகர் பலர் சினங்கொண்டனர். முன்பதிவு செய்திருந்த நூலை வேண்டாமென்று விலக்கியவர்கள் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகள் உடன் நடந்து வந்தவர்களை ஆசிரியர் ஏமாற்றிவிட்டார் என்று எழுதியவர்கள் உண்டு. ஆசிரியரை மிரட்டும் அளவுக்குச் சென்றவர்களும் இருந்தனர்.

மிரட்டியவர்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மற்றவர்களின் மனத்தாங்கலை எள்ளி நகையாடுவது எளிது. இலக்கியம் அறிந்தோர் பலரும் அதைத்தான் செய்தனர். ஆயினும் அவ்வாசகர்கள் எழுப்பிய கேள்விகளை நிதானமாக நோக்கின், அவை திருமணத்தையும், மனித விருப்பத்தின் சுதந்திரத்தையும், சாவையும் பற்றிய கேள்விகளாகவே இருப்பதைக் காணலாம். இவை நமக்கு அந்நியமானவை அல்ல.

கதையுலகை அறியாதோர்க்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியர் செயற்கை இரத்தம் ஒன்றைக் கண்டுபிடித்ததால், இனி மனிதரைக் கடித்து வாழத் தேவையில்லை என்று இரத்தக்காட்டேரிகள் மறைவிலிருந்து வெளிவந்து, குடிமக்களாக உரிமை கோருகின்றன. தங்கள் நிலை ஒரு நோய்க்கிருமியால் வந்தது என்றும் சொல்லிக்கொள்கின்றன. லூசியானா மாநிலத்தில் பான் டெம்ப் என்னும் கற்பனைச் சிற்றூரில் உணவும் மதுவும் பரிமாறும் பணிப்பெண் சூக்கி. பிறர் மனத்தில் ஓடும் எண்ணமெல்லாம் அவளுக்குக் கேட்கும். இது வரமன்று, பெருஞ்சுமை. அருகில் அமரும் ஆடவன் உள்ளுக்குள் நினைப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டே எந்தப் பெண்ணால் காதலிக்க இயலும்? இரத்தக்காட்டேரிகளின் மனமோ அவளுக்குக் கேட்பதில்லை. முதல் நூலில் பில் காம்ப்டன் என்பவன் அந்த மதுக்கூடத்துக்குள் நுழையும்போது அவளுக்குக் கிடைப்பது முதலில் காதலன்று, அமைதி. ஹாரிஸின் மிகச் சிறந்த கற்பனை இதுவே என்பது என் கருத்து. ஒருவரை முழுதும் அறிந்துவிட்டால் அங்கே நம்புவதற்கு இடமில்லை. அறியாமையின் திரை சிறிதேனும் இருந்தால்தான் நம்பிக்கைக்கு வேலை உண்டு என்பதை இத்தகைய பொழுதுபோக்கு நூல் ஒன்று இவ்வளவு இயல்பாகச் சொல்லியிருப்பது வியப்பே.

சூக்கிக்கு மற்றொரு பேரின்பமும் உண்டு. வீட்டு முற்றத்தில் சாய்ந்து படுத்து வெயில் காய்வது. நூலுக்கு நூல் இது வருகிறது. வாசகர் இதைப் புரட்டித் தள்ளிவிடுவர். ஆனால் முடிவின் விதை இங்கேதான் ஊன்றப்பட்டிருக்கிறது. தன்னை இரத்தக்காட்டேரியாக மாற்ற வேண்டாம் என்றும் அவள் பலமுறை சொல்கிறாள்.

இனி வாசகரின் மனத்தாங்கலுக்கு வருவோம். எரிக் நார்த்மன் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த வைக்கிங் வீரன். ஷ்ரீவ்போர்ட் நகரில் மதுக்கூடம் நடத்துபவன். அதிகாரமும் தந்திரமும் நகைச்சுவையும் மிக்கவன். வாசகர் அவனிடம் மனத்தைப் பறிகொடுத்தது 2004-இல் வெளியான நான்காம் நூலில். அந்நூலில் சூனியக்காரி ஒருத்தியின் சாபத்தால் எரிக் தன் நினைவை இழந்து, இரவில் சாலையோரம் திகைத்து ஓடுகிறான். சூக்கி அவனைத் தன் வீட்டில் மறைத்து வைத்துக் காக்கிறாள். அந்தச் சில நாள்களில் அவன் அச்சம் அறிந்தவனாக, நன்றி அறிந்தவனாக, அவளோடு எளிய இல்லறம் நடத்தவும் இசைபவனாக இருக்கிறான். நூலின் இறுதியில் நினைவு திரும்புகிறது. அந்த நாள்கள் மறந்துபோகின்றன.

எரிக்குக்காக வாதாடியவர்கள் பெரும்பாலும் இந்த நூலையே சான்றாகக் காட்டினர். நானும் அதையே காட்டுகிறேன், வேறொரு முடிவுக்காக. வாசகர் காதலித்தது யாரை? ஆயிரம் ஆண்டு வல்லமையைச் சுமந்து நின்ற எரிக்கையா? அல்லவே. அந்த ஆயிரம் ஆண்டும் கழன்று விழுந்தபின் எஞ்சிய ஒருவனை அன்றோ அவர்கள் காதலித்தார்கள்! சாகாதவனாக இருந்தபோது அல்ல, சாவுக்கு அஞ்சும் எளியவனைப்போல் ஆனபோதுதான் அவன் அன்புக்கு உரியவனானான். இதை உணராமலே, அதே எரிக்கோடு அவளும் சாகாமல் என்றென்றும் வாழட்டும் என்று வாசகர் சிலர் வேண்டினர்.

'அவர்கள் ஏற்கெனவே கணவன் மனைவி. மனைவி கணவனைக் கைவிடலாமா?' என்பது பலர் எழுப்பிய அடுத்த கேள்வி. 2009-இல் வந்த ஒன்பதாம் நூலில் நடந்ததை நினைவுகூர்வோம். புதிய அரசனின் ஆள் முன்னிலையில், துணியில் சுற்றிய சடங்குக் கத்தி ஒன்றை எரிக்கின் கையில் சூக்கி எடுத்துக் கொடுக்கும்படி அவன் ஏற்பாடு செய்கிறான். அவளும் கொடுக்கிறாள். அச்செயலே இரத்தக்காட்டேரிகளின் மரபில் திருமணம் என்பது கொடுத்தபின்புதான் அவளுக்குத் தெரிகிறது. அவளைப் பிறர் கவர்ந்து செல்லாமல் காப்பதற்காகவே இப்படிச் செய்ததாக எரிக் விளக்குகிறான். அது பொய்யன்று, காத்ததும் உண்மையே.

பங்குகளில் திருமண ஓலை வாசிப்பதற்கு முன் மணமகளைத் தனியே அமர்த்தி, 'உன் முழு விருப்பத்தோடுதான் இத்திருமணத்துக்கு வருகிறாயா?' என்று கேட்கிறோம். வெறும் படிவம் நிரப்பும் வேலையென்று பல குடும்பங்கள் இதை எண்ணுகின்றன. ஆனால் 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, திருமணத்தை ஆக்குவது மணமக்களின் சம்மதமே என்றும், அதற்கு ஈடாக எந்த மனித அதிகாரமும் நிற்க இயலாது என்றும் 1057-ஆம் எண்ணில் தெளிவாக வரையறுக்கிறது. தான் செய்வது திருமணம் என்றே அறியாத ஒருத்தி எதற்குச் சம்மதித்தாள்? பான் டெம்ப் ஊருக்குத் திருச்சபைச் சட்டம் செல்லுமா என்று யாரேனும் நகைக்கலாம். சூக்கி மெத்தடிஸ்டு சபைக்குச் செல்பவள்தான். ஆயினும் சம்மதமில்லாத திருமணம் திருமணமன்று என்பதை அறிய எந்தச் சபையும் தேவையில்லை. அவளுக்கே அது தெரிகிறது. அந்தச் சடங்கைத் தான் திருமணமாக எண்ணவில்லை என்பதை அவள் மறைப்பதும் இல்லை.

கத்திக்கு முன்னரும் இதே நிகழ்ந்தது. 2007-இல் வந்த ஏழாம் நூலில் வேறொரு இரத்தக்காட்டேரி அவளை வலுவில் தன் இரத்தத்தால் பிணைக்க முற்படுகையில், எரிக் குறுக்கிட்டுத் தன் இரத்தத்தைக் கொடுக்கிறான். தீமைகளில் சிறியதை அவள் ஏற்க வேண்டியதாகிறது. அன்று முதல் அவன் உணர்வும் அவள் உணர்வும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கின்றன. அவனருகே தனக்குண்டாகும் மகிழ்ச்சி தன்னுடையதா, அந்த இரத்தம் ஊட்டியதா என்று அவளால் பிரித்தறிய முடிவதில்லை. 2011-இல் வந்த பதினோராம் நூலில் தோழியின் மந்திர உதவியால் அப்பிணைப்பை அறுத்துக்கொள்கிறாள். வாசகர் பலர் இதைத் துரோகம் என்றனர். எனக்கோ, இந்த வரிசை முழுவதிலும் அவள் செய்த நேர்மையான செயல் இதுவே என்று தோன்றுகிறது. அன்பு தன்னுடையதா என்று சோதித்துப் பார்க்கத் துணிந்தவள் அவள். இரண்டு முறையும் எரிக் அவளைக் காத்தான்; இரண்டு முறையும் அவளுடைய உண்மையான சம்மதமின்றியே காத்தான்.

ஆசிரியர் இங்கே ஒரு கசப்பான ஒப்புமையை வைத்திருக்கிறார். எரிக்கை இரத்தக்காட்டேரியாக்கிய தலைவன், அவனைக் கேளாமலே அவனை ஒக்லஹோமாவின் அரசி ஃப்ரெய்டாவுக்கு ஒப்பந்தம் செய்து கொடுத்துவிடுகிறான். கத்தியால் ஒருத்தியைக் கட்டியவன் ஓர் ஒப்பந்தத்தால் கட்டப்படுகிறான். அவன்மீது இரக்கம் பிறக்கத்தான் செய்கிறது. சூக்கியிடமோ ஒரே ஒரு விருப்பத்தை நிறைவேற்றும் தேவதைப்பொருள் ஒன்று இருக்கிறது. அதைத் தனக்காகப் பயன்படுத்துவாள் என்று எரிக் காத்திருக்கிறான். 2012-இல் வந்த பன்னிரண்டாம் நூலின் இறுதியில் சாம் கொல்லப்பட்டுக் கிடக்க, அவள் எண்ணிப் பார்க்கவும் நேரமின்றி அதைச் சாமின் உயிருக்காகச் செலவிட்டுவிடுகிறாள். எரிக் அதைக் கண்டு அகன்றுவிடுகிறான். பதின்மூன்றாம் நூலின் முடிவு உண்மையில் அந்தக் கணத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.

இதற்கு எதிராகக் கூர்மையான வாசகர் எழுப்பிய ஒரு கேள்வியை மட்டும் என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. இரத்தப் பிணைப்பினால் வந்த அன்பு ஐயத்துக்குரியதெனில், மந்திரத்தால் உயிர் பெற்ற சாமின் அன்பு மட்டும் ஐயமற்றதா? தன்னை மீட்டவளை நேசிக்காமல் இருக்க அவனுக்குச் சுதந்திரம் உண்டா? சாம் அதற்கு முன்பே அவளை விரும்பினான் என்பது ஒரு விடை. அதுவே முழு விடையன்று. ஹாரிஸ் இந்தக் கேள்வியின் வாசலைத் தொட்டுவிட்டு உள்ளே நுழையாமல் திரும்பிவிடுகிறார். சூக்கியும் சாமும் அவசரப்படாமல் பழகிப் பார்ப்பதாகக் கதையை நிறுத்தியிருப்பது ஓரளவு ஆறுதல்.

முடிவு சரியே என்று சொல்லும் நான், அதைச் சொன்ன முறை சரியென்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு நூல்களிலும் சூக்கியே தன் வாயால் கதை சொன்னாள். அந்தக் குரலுக்காகவே பலர் வாசித்தனர். இறுதி நூலிலோ இடையிடையே ஆசிரியர் தாமே வந்து, பழைய பகைவர் எங்கோ கூடிச் சதி செய்வதைச் சொல்கிறார். சூக்கியின்மீது கொலைக்குற்றம் சுமத்தப்படுகிறது. துப்பறியும் கதையாகப் பக்கங்கள் ஓடுகின்றன. செல்வந்தன் ஒருவன் சாத்தானோடு பேரம் பேசி ஆன்மாவை விற்பதும் இங்கு வருகிறது. ஆன்மாவை விற்றல் என்பது எத்துணைப் பெரிய பொருள்! அது வணிக ஒப்பந்தம்போல் கடந்துபோவது எனக்கு ஏமாற்றமே. இவற்றுக்கிடையே எரிக்கும் சூக்கியும் பிரிவதற்குத் தக்க இடம் கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் வளர்த்த அன்பைப் புதைக்கும்போது அழுவதற்கு நேரம் கொடுக்க வேண்டாமா? வாசகரின் இந்தக் குறை முற்றிலும் நியாயமானது. அதே 2013 அக்டோபரில், யார் யார் பின்னர் என்ன ஆயினர் என்று அகரவரிசையில் சொல்லும் 'ஆஃப்டர் டெட்' என்னும் சிறுநூல் வந்தது. துக்க வீட்டில் முகவரிப் புத்தகத்தை நீட்டியதுபோல் அது அமைந்துவிட்டது.

பூசலுக்கு வேறொரு காரணமும் உண்டு. ஹாரிஸ் முதலில் துப்பறியும் கதைகள் எழுதியவர். இவ்வரிசையின் முதல் நூல் 2002-இல் பெற்ற அந்தோணி விருதும் துப்பறியும் கதைகளுக்கு உரியதே. வாசகரோ அதைக் காதல் கதையாக வாசித்தனர். காதல் கதையில் காதலர் சேர வேண்டும் என்பது எழுதப்படாத விதி. 1869-இல் 'லிட்டில் விமன்' இரண்டாம் பகுதியில் லூயிசா மே ஆல்காட், வாசகர் வேண்டிய லாரிக்கு ஜோவைக் கொடுக்க மறுத்தபோதும் இதே மனத்தாங்கல் எழுந்தது.

இந்த வரிசையில் நம்மைப் போன்ற சமய நம்பிக்கையாளர் சற்றுச் சங்கடத்தோடு வாசிக்க வேண்டிய பகுதியும் உண்டு. 'சூரியனின் தோழமை' என்று பெயர் சூட்டிக்கொண்ட ஒரு சபை, இறைவன் பெயராலேயே இரத்தக்காட்டேரிகளை அழிக்கத் துடிக்கிறது. ஒளியைப் பற்றிப் பேசுவோர் எல்லாரும் ஒளியின் மக்கள் அல்லர் என்பதை ஆசிரியர் வேண்டுமென்றே காட்டுகிறார். சூக்கியின் சூரியன் வேறு. 1897-இல் பிராம் ஸ்டோக்கர் 'டிராகுலா' எழுதியபோது சிலுவையும் நற்கருணை அப்பமும் தீயவனைத் தடுத்தன. தன் இரத்தத்தைப் பிறருக்காகக் கொடுத்தவரும், பிறர் இரத்தத்தால் தன் நாள்களை நீட்டிக்கொள்பவனும் அங்கே எதிரெதிரே நின்றனர். ஹாரிஸின் உலகில் அந்தப் போர் இல்லை. அதனால்தானோ என்னவோ, சாகாமலிருப்பதும் நிலைவாழ்வும் ஒன்றே என்று வாசகர் எளிதில் மயங்குகின்றனர். அந்த மயக்கம் இல்லாதவள் சூக்கி. மூப்பும் பிள்ளைப்பேறும் சாவும் உள்ள பகற்பொழுதை அவள் விரும்புகிறாள். இக்கதையைத் தழுவி 2008 முதல் 2014 வரை வந்த 'ட்ரூ பிளட்' தொலைக்காட்சித் தொடர் பாதையெல்லாம் மாறிச் சென்றபோதும், இறுதிக் காட்சியில் கருவுற்ற சூக்கியைக் காட்டி, அவள் கணவனின் முகத்தை மட்டும் காட்டாமல் விட்டது. அங்கும் அவள் இரத்தக்காட்டேரி ஒருவனையும் மணக்கவில்லை.

இந்நூல்களில் காமமும் வன்முறையும் மிகுதி. பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொடுக்கத் தக்கவை அல்ல. வயதுவந்தோர் படிக்க விரும்பினால், பதின்மூன்றையும் முடிக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. முதல் நூலையும் நான்காம் நூலையும் படித்துவிட்டு, ஒன்பதாம் நூலில் அந்தக் கத்தி கைமாறும் பக்கங்களைப் பொறுமையாகப் படித்தால் போதும்.