நிலம் ஒன்றில், இரங்கல் மற்றொன்றில்: ‘96’, ‘வடசென்னை’ ஆகிய திரைப்படங்களின் அடுத்தடுத்த காட்சியனுபவம்

முன்னுரை

பிரேம்குமார் இயக்கிய ‘96’ 2018 அக்டோபர் 4 அன்று வெளியானது. வெற்றிமாறனின் ‘வடசென்னை’ அதே மாதம் 17 அன்று வெளியானது. அம்மாதப் பிற்பகுதியில் இரண்டும் சென்னைத் திரையரங்குகளில் ஒருங்கே ஓடின. ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாக அவற்றைக் காணும் வாய்ப்பு பார்வையாளருக்கு இருந்தது. ஒன்று காதல் படம், மற்றொன்று வன்முறைப் படம் என்று பிரித்து, முன்னதை அகமாகவும் பின்னதைப் புறமாகவும் கொள்வது எளிது. திருவொற்றியூருக்கும் மணலிக்கும் இடையே இரும்பு எஃகுச் சந்தையால் அறியப்படும் சாத்தாங்காட்டிலிருந்து வரும் ஒருவரின் பார்வையில் இப்பகுப்பு நிலைபெறுவதில்லை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

இரங்கலும் இரவும்

‘96’ படத்தில் ராமும் ஜானுவும் 22 ஆண்டுகளுக்குப் பின் பள்ளித் தோழர்களின் ஒன்றுகூடலில் சந்திக்கின்றனர். ஓர் இரவைச் சென்னையில் கழிக்கின்றனர். விடிந்தபின் விமான நிலையத்தில் பிரிகின்றனர். தொல்காப்பியம் யாமத்தைக் குறிஞ்சிக்குரிய பொழுதாகச் சுட்டுகிறது. இப்படத்திலோ யாமப்பொழுதில் புணர்தல் நிகழ்வதில்லை. நெய்தலின் உரிப்பொருளாகிய இரங்கலே இரவு முழுவதும் நிறைகிறது. எனினும் நெய்தலின் முதற்பொருளாகிய கடல் அவ்விரங்கலுக்குத் தேவைப்படவில்லை. ஒளியூட்டப்பட்ட சாலை, விடுதி அறை, அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகியவையே அதற்குக் களமாகின்றன.

அவ்விரவில் இருவரும் மெட்ரோ ரயிலிலும் செல்கின்றனர். படம் திரையில் ஓடிய நாட்களில் மெட்ரோ சென்ட்ரலைத் தாண்டி வடக்கே வரவில்லை. வண்ணாரப்பேட்டைக்கு 2019 பிப்ரவரியிலும், திருவொற்றியூருக்கும் விம்கோ நகருக்கும் 2021 பிப்ரவரியிலுமே அது வந்தது. இதனைப் படத்தின் குறையாகக் கூறுவது பொருந்தாது. ஆயினும், யாரும் குறுக்கிடாத இரவில் நகரத்தை நடந்து கடக்கும் உரிமை அனைவருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதன்று என்பது, அடுத்த படத்தைக் காணும்போதே புலனாகிறது.

நிலமும் அலரும்

‘வடசென்னை’ 1987இல் நிகழும் ராஜனின் கொலையோடு தொடங்குகிறது. கரையோர மக்களின் குடியிருப்பை வளர்ச்சித் திட்டத்திற்காகக் காலி செய்யும் முயற்சியை முதலில் ராஜனும் பின்னர் அன்புவும் எதிர்க்கின்றனர். கடல், படகு, குப்பம், சிறை என நெய்தல் நிலம் இன்றைய உருவில் இங்கே முழுமையாக இடம்பெறுகிறது. துறைமுகத்திற்குச் செல்லும் சரக்குப் பெட்டக லாரிகளுக்கு இடையே அன்றாடம் வாழும் பார்வையாளர், தம் நிலத்தின் மீதான உரிமைப் போராட்டத்தை இதில் அடையாளம் காண்கிறார்.

ஆனால் இந்நிலத்தில் காதலுக்குத் தனியிடம் இல்லை. அன்புவும் பத்மாவும் தம் முதல் சந்திப்பை 1991ஆம் ஆண்டுக் கலவரத்தின் கொள்ளைக்கு நடுவே பெறுகின்றனர். அவர்கள் தனித்திருப்பதும் பிறர் கண்ணில் பட்டு மோதலாகிறது. சங்க அகப்பாடல்களில் அலர் வரைவை விரைவுபடுத்தும். இங்கே அது ஆயுதத்தை எடுக்கச் செய்கிறது. ராஜனும் சந்திராவும் படகில் நெருங்கியிருக்கும் காட்சி மீனவர்களின் எதிர்ப்புக்கு உள்ளானது. இயக்குநர் வருத்தம் தெரிவித்தார், காட்சியும் நீக்கப்பட்டது. படகு மீனவர்க்குத் தொழிற்கருவி மட்டுமன்று, மதிப்புக்குரிய பொருளும் ஆகும் என்ற வகையில் அவ்வெதிர்ப்பு புரிந்துகொள்ளத்தக்கது. எனினும், தன் மண்ணில் காதலுக்கென அப்படம் அமைத்த மிகச் சில இடங்களுள் ஒன்று அதனால் இல்லாமற்போனதும் உண்மை.

இப்படத்தில் இரங்கலுக்கு உரியவள் சந்திரா. கணவனை இழந்த அவள், அவனைக் கொன்றவருள் ஒருவனாகிய செந்திலையே மணந்து பழிதீர்க்கக் காத்திருக்கிறாள். கரையில் நின்று புலம்பும் நெய்தல் தலைவியின் துயரம் அவளிடம் வெளிப்படையான அழுகையாக அமையவில்லை. அது திட்டமாக உறைந்திருக்கிறது. ஜானுவுக்குக் கண்ணீர் விட ஓர் இரவு கிடைக்கிறது. சந்திராவுக்கு அதுவும் கிடைப்பதில்லை.

நிறைவுரை

தனித்தனியே காணும்போது இரு படங்களும் தத்தம் அளவில் முழுமையானவை. அடுத்தடுத்துக் காணும்போது ஒரே திணை இரண்டாகப் பிளந்து கிடப்பது தெரிகிறது: உரிப்பொருள் ‘96’ படத்திடமும், நிலம் ‘வடசென்னை’யிடமும் உள்ளன. ஆகவே இவற்றிடையே உள்ள வேறுபாடு அகம், புறம் என்பதில் இல்லை. அமைதியாக வருந்துவதற்குரிய வெளியும் ஓய்வும் யாருக்கு அளிக்கப்படுகின்றன என்பதில் உள்ளது. வடசென்னையைக் குறித்துத் தமிழ்த் திரை ஆய்வுகள் இதுவரை பெரிதும் எழுப்பிவந்த வினா, அப்பகுதியின் வன்முறை சரியாகக் காட்டப்பட்டதா என்பதே. அங்குள்ளோருக்கு வன்முறையற்ற ஓர் இரவைத் திரை எப்போது அளிக்கும் என்னும் வினாவும் அதனோடு எழுப்பப்பட வேண்டும். சாத்தாங்காட்டுப் பார்வையாளர் ஒரே நாளில் இரு நுழைவுச்சீட்டு வாங்கித் தேடியது, தம் நிலமும் தம் இரங்கலும் ஒருங்கே அமைந்த ஒரு படத்தை எனலாம்.