மொழிப்பெயரும் முன்னோர் ஏரும்

ஆண், பெண் வேலைப் பாகுபாட்டின் வேரை வேளாண் வரலாற்றில் தேடும் போக்குக்கு எஸ்தர் போஸரப் 1970இல் வெளியிட்ட நூல் வழிவகுத்தது. மண்வெட்டி வேளாண்மையில் பெண்களின் பங்கு மிகுதி. ஏர் பூட்டி உழுத இடங்களில் வயல் ஆணுக்கும் வீடு பெண்ணுக்கும் உரியனவாயின என்பது அவர் கருத்து. அல்பெர்டோ அலெசினா, பாவோலா ஜூலியானோ, நேதன் நன் என்னும் பொருளியலறிஞர் மூவரும் 2013இல் வெளியிட்ட கட்டுரை இதனைப் புள்ளியியல் வழியில் சோதித்தது. முன்னோர் ஏர் உழுத சமூகங்களில் இன்றும் பெண்கள் வெளிவேலைக்குச் செல்வது குறைவு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குடியேறியோரின் பிள்ளைகளிடத்தும் அப்போக்கு தொடர்கிறது என்பது அவர்தம் முடிபு. குடிபெயர்வோர் ஆண், பெண் பற்றிய எண்ணங்களையும் தம்மோடு சுமந்து செல்வர் என்பதற்கு இக்கட்டுரை சான்றாகப் பலராலும் எடுத்தாளப்படுகிறது.

மொழியியலார் இதில் கூர்ந்து நோக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. ஒரு நிலப்பகுதியில் வாழ்வோரின் முன்னோர் யாவர் என்பதை அறிய ஆசிரியர்கள் கையாண்ட கருவி மொழியே ஆகும். எத்னோலாக் தரும் மொழிப்பரவலை மர்டாக்கின் இனவரைவியல் அட்லஸில் உள்ள இனக்குழுக்களோடு அவர்கள் பொருத்துகின்றனர். மொழிக்கு ஓர் இனக்குழு, இனக்குழுவுக்கு ஓர் உழவுமுறை. உலகளாவிய சராசரி காண்பதற்கு இது போதுமானதாகலாம். ஆசிரியர்கள் கோருவதும் அவ்வளவே. எனினும் குடியேற்றங்கள் அடுக்கடுக்காய் நிகழ்ந்த நிலத்தில் மொழிப்பெயர் முன்னோரைச் சுட்டுமா என்பது ஐயத்துக்குரியது.

பெங்களூரையே எடுத்துக்கொள்ளலாம். கன்னடத்தில் 'திகள' என்பது தமிழரைக் குறிக்கும் பழஞ்சொல். தோட்டத் தொழிலில் பேர்பெற்ற திகளர் சமூகத்தாருள் இன்று கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழியாக உடையோர் உளர். ஆயினும் அவர்கள் ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவில் எடுக்கும் கரகம், தமிழகத்துத் திரௌபதி வழிபாட்டோடு நெருங்கிய உறவுடையது. பெண்ணுடையில், மனைவியின் தாலியைத் தான் அணிந்து, அன்னையின் ஆற்றலைத் தலையில் ஏந்துபவர் ஓர் ஆண். மொழி பெயர்ந்தது, பெண்மையை யார் ஏந்துவது என்னும் ஏற்பாடு பெயரவில்லை. இவர்களுள் தாய்மொழி கன்னடம் என்போர் கன்னட முன்னோரின் கணக்கில் சேர்வர். மறுபுறம், நாச்சியாரம்மா என்னும் கற்ற பெண்ணின் தலைமையில் செங்கோட்டைப் பக்கமிருந்து பெயர்ந்ததாகக் கதை வழங்கும் சங்கேதிப் பார்ப்பனரின் பேச்சையும் எத்னோலாக் தமிழின் கிளைமொழியாகவே பட்டியலிடுகிறது. தோட்டக்காரரும் வேதியரும் 1809க்குப்பின் தண்டுப்பகுதிக்கு வந்து சேர்ந்த கூலியாட்களும் ஒரே மதிப்பைப் பெறுவது பொருத்தமன்று.

இதனினும் கூர்மையான சோதனை பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் காலூன்றியது. வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து நிலமற்ற தமிழர் பெருந்தொகையினர் அங்குச் சென்றனர். அம்மாவட்டங்கள் இலங்கை மலையகத்துக்கும் ஆளனுப்பியவையே. ஒரே ஏர், ஒரே மொழி; குடியமர்ந்த முறையோ வேறு. சுரங்கத்தின் ஆழத்தில் ஈட்டிய கூலி ஆணின் கூலி. நிலத்தடி வேலையிலிருந்து பெண்களை 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் விலக்கியது. அவ்விலக்கு 2019இல் தளர்த்தப்பட்டபோது தங்கவயல் மூடப்பட்டுப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

மலையகத்தில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. காப்பி பருவப்பயிர். பறிப்புக் காலத்தில் பெரும்பாலும் ஆண்கள் நடந்து சென்று, முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழிக்க, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. கொழுந்து ஆண்டு முழுதும் துளிர்ப்பது. பறிக்கும் கை ஆண்டு முழுதும் வேண்டும். எனவே கங்காணிகள் குடும்பம் குடும்பமாக ஆள் சேர்த்தனர். லயத்து அறைகளில் குடியேற்றமும் நிலைத்தது. கொழுந்து பறித்தல் பெண்ணின் தொழிலாயிற்று, கவ்வாத்து ஆணுக்காயிற்று. ஆக, பெண் கூலிக்குச் செல்வதா இல்லையா என்பதை இங்கு முடிவு செய்தது முன்னோரின் ஏர் அன்று. பயிரின் இயல்பும் ஆள் சேர்த்த முறையுமே. அந்த ஏரைப் பற்றியுங்கூட ஒரு சொல்: தமிழ்நாட்டு நன்செயில் ஆண் உழுத அதே வயலில் நாற்று நட்டவளும் களை எடுத்தவளும் பெண். ஏர் இருந்த இடத்தில் பெண் இல்லை என்பது நெல் விளையும் நாட்டுக்கு ஒவ்வாத பொதுமை.

இத்தகு ஆய்வுகளைத் தமிழாக்குவோர் 'பாலின நெறி' என்னும் தொடரை இப்போது தாராளமாகக் கையாள்கின்றனர். 'நெறி' என்பதில் ஒழுகவேண்டியது என்னும் பொருள் ஏறியுள்ளது. ஆய்வாளர் அளப்பதோ பெரும்பாலும் மக்கள் செய்வதையும் சொல்வதையும் மட்டுமே. இலக்கண மரபு நமக்குத் தந்துள்ள 'வழக்கு' இதற்கு ஏற்றது. காலத்தோடும் இடத்தோடும் மாறுவது என்னும் குறிப்பு அச்சொல்லிலேயே உண்டு. நீதிமன்றப் பொருளும் அதற்கு உண்டெனச் சிலர் தயங்கலாம். இந்தப் பொருளில் அதுவும் அவ்வளவு பொருந்தாததன்று.

அளவைக்கருவி பற்றியும் மொழிபெயர்ப்பாளர் விழிப்பாயிருத்தல் வேண்டும். வேலைக்குச் செல்லும் பெண்களின் விழுக்காடே வழக்கின் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. அவ்வளவையில் மலையகம் மிக முன்னேறிய சமூகமாகத் தோன்றும். தோட்டத் தமிழில் 'பேர்' என்றால் ஒரு நாள் கூலிக்கான பதிவு. குறைந்த வேலைக்கு 'அரைப்பேர்'. ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்கூலி சமமாக்கப்பட்டது 1984இல்தான். அதற்கு முன்னும் பின்னும் மனைவியின் சம்பளத்தைக் கணவன் சென்று வாங்கும் பழக்கம் இருந்ததை ரேச்சல் குரியன் முதலியோர் பதிவு செய்துள்ளனர். 'பேர்' என்பதை மொழிபெயர்ப்பாளர் 'பெயர்' என்று மாற்றினால் கூலி மறைந்துபோகும். 'கூலி' என்று மாற்றினால் அது எவர் கையில் சேர்ந்தது என்னும் கேள்வி மறைந்துபோகும். பேரேட்டில் இருந்தது அவள் பேர். பணம் எண்ணிய கை பலவேளை அவளுடையதன்று.