98 சதவீதம்: நிபந்தனையோடு

பால் கொடுக்கிறவரை அடுத்தது தங்காது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1988-ல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய அறிஞர்கள் இதை ஆராய்ந்து, மூன்று நிபந்தனைகளுடன் ஏற்றனர். குழந்தைக்கு 6 மாதம் நிறைந்திருக்கக் கூடாது. தாய்ப்பாலே அதற்கு முழு உணவாகவோ ஏறக்குறைய முழு உணவாகவோ இருக்க வேண்டும். மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் பொருந்தினால் 98 சதவீதத்துக்கும் மேற்பட்ட பாதுகாப்பு உண்டு என்றனர்.

முடிவு சரியானதே. குழந்தை பால் உறிஞ்சும்போது எழும் நரம்புத் தூண்டல் மூளையை எட்டி, கருமுட்டையை முதிரச் செய்யும் ஹார்மோன்களை அடக்குகிறது. குறை, நிபந்தனைகளை விட்டுவிட்டு 98-ஐ மட்டும் எடுத்துச் சொல்வதில்தான் இருக்கிறது.

கனகசெட்டிக்குளம் போன்ற கடலோர ஊரிலிருந்து விடியலில் மீன் விற்கப் புறப்பட்டு, மதியம் கடந்து திரும்பும் தாயை எண்ணிப் பாருங்கள். இடையில் குழந்தைக்குப் புட்டிப்பால். உறிஞ்சுதல் குறைந்தால் அடக்கமும் தளரும்.

“மாதவிடாய் வரட்டும், பிறகு பார்ப்போம்” என்பது இன்னும் பெரிய பிழை. கருமுட்டை வெளிப்பட்டு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்தே மாதவிடாய் வரும். முதல் 6 மாதத்தில், முதல் உதிரப்போக்கு பெரும்பாலும் முட்டை வெளிப்படாமலே நிகழ்வதால், அது நல்ல எச்சரிக்கை. நாள் செல்லச் செல்ல முட்டை முந்திக்கொள்கிறது. அப்போது மாதவிடாயைக் காணாமலே அடுத்த கரு தங்கிவிடலாம்.

ஆகவே, மூன்றில் ஒன்று தவறினாலும் உடனே மருத்துவரையோ செவிலியரையோ கேளுங்கள். பாலூட்டும் தாய்க்கு ஏற்ற காப்பர்-டி, ஆணுறை போன்ற வழிகள் உண்டு. அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.