எஜமானியம்மாவின் குடும்பம்

குடும்பம் என்கிற சொல்லைச் சந்தேகத்தோடு பார்க்க நாம் பழகியிருக்கிறோம். நல்லதுதான். பெரியார் தொடங்கிப் பெண்ணிய வாசிப்புகள்வரை வீட்டை அதிகாரம் புழங்கும் களமாகத்தான் நமக்குக் காட்டின. ஆனால் நம் கூட்டங்களில் 'குடும்பம் ஒழிக' என்று சொல்லும்போது 'யாருடைய குடும்பம்?' என்று ஒருத்தரும் கேட்பதில்லை. உள்நாட்டுப் போருக்கு (1861-65) முந்தைய அமெரிக்கத் தென்மாநிலங்களின் அடிமைகளை வைத்திருந்த வீடுகளைப் பற்றி, அங்கே வாழ்ந்த பெண்கள் எழுதியவற்றைப் படித்தபோது இந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரே வளவுக்குள் அங்கே இரண்டு குடும்பங்கள் இருந்தன. ஒன்று மற்றதைத் தின்றுதான் குடும்பமாக நின்றது.

தின்றவர்கள் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. வெள்ளையும் கறுப்புமாக எல்லாரும் தங்கள் குடும்பமே என்றார்கள். கடிதங்களிலும் பிரசங்கங்களிலும் அடிமைமுறைக்கு வக்காலத்து வாங்கிய புத்தகங்களிலும் இந்தப் பேச்சு சலிக்கச் சலிக்க வரும். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை போட்டார்கள். அதில் எஜமானின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே வயது, பால், நிறம். அடிமையின் பெயருக்கு அங்கே இடமில்லை. 1860இல் இப்படி எண்ணப்பட்டவர்கள் 39 லட்சத்துக்கும் மேல். பாசம் காட்ட வேண்டிய இடத்தில் குடும்பம், கணக்குக் காட்ட வேண்டிய இடத்தில் உருப்படி. சொல் தேவைக்கு ஏற்ப விரிந்து சுருங்கியது.

பண்ணை அடிமைமுறை என்றதும் நமக்குப் பருத்திக்காடும் சவுக்கும் கங்காணியும்தான் ஞாபகத்துக்கு வரும். வீடு என்றால் கொஞ்சம் மெத்தென்ற இடம். குண்டான, பாசமான 'மாமி' அங்கே இருப்பாள். (நம்ம ஊர் மாமி இல்லை, வெள்ளைக் குழந்தைகளை வளர்த்த கறுப்பு ஆயாவுக்கு அங்கே வழங்கிய பெயர்.) 1939இல் வந்த 'கான் வித் த விண்ட்' படம் அவளை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அந்த வேடத்துக்காக 1940இல் ஆஸ்கார் வாங்கிய ஹாட்டி மெக்டானியலை விருது விழாவில் தனி மேசையில்தான் உட்கார வைத்தார்கள். அதற்கும் முன்னால், 1923இல், மாமிக்கு வாஷிங்டனில் சிலை வைக்க அமெரிக்க செனட் சம்மதமே கொடுத்திருந்தது. கறுப்பின மக்களின் எதிர்ப்புக் கிளம்பியது, சிலை எழும்பவில்லை.

அந்த வீட்டுக்குள்ளே போக நமக்கு இருக்கிற முக்கியமான பிரதி, ஹாரியட் ஜேக்கப்ஸ் 1861இல் வெளியிட்ட தன்வரலாறு. அவர் 1813இல் வட கரோலினாவின் எடென்டன் என்ற சிற்றூரில் அடிமையாகப் பிறந்தவர். புத்தகத்தில் தன் பெயரை லிண்டா பிரென்ட் என்றும், எஜமானரான மருத்துவர் ஜேம்ஸ் நார்காமின் பெயரை டாக்டர் ஃபிளின்ட் என்றும் மாற்றியிருந்தார். இதற்காகவே அது நாவல் என்று தள்ளப்பட்டது. அடிமைச் சமூகத்தின் வரலாற்றை எழுதிய ஜான் பிளாசிங்கேமே 1972இல் அதை நம்பத்தக்கதாக ஏற்கவில்லை. ஜீன் ஃபேகன் யெலின் கடிதங்களையும் ஆவணங்களையும் தோண்டி எடுத்து, 1987 பதிப்பில் அதன் முக்கிய ஆட்களை அடையாளம் காட்டிய பிறகுதான் அது 'வரலாறு' ஆனது. இதற்கு நேர் எதிராக, தென் கரோலினாவின் பெரிய பண்ணைக் குடும்பத்து மருமகள் மேரி செஸ்நட்டின் போர்க்கால நாட்குறிப்பு 1905இல் வந்த நாளிலிருந்து சாட்சியமாகவே மதிக்கப்பட்டது. 1880களில் அவர் உட்கார்ந்து அதைப் பெருமளவுக்குத் திருத்தி எழுதியது பிற்பாடு நன்றாகவே தெரிந்தது. அப்போதும் மதிப்புக் குறையவில்லை. 1982இல் அதன் முழுப் பதிப்புக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. எஜமானி திருத்தினால் இலக்கியம், அடிமை பெயரை மாற்றினால் பொய்!

ஜேக்கப்ஸ் காட்டும் சமையற்கட்டுக்கு வருவோம். அங்கே அதிகாரத்தின் கருவி சவுக்கு இல்லை, தராசும் சாவிக்கொத்தும். உக்கிராண அறைச் சாவி எஜமானியம்மாவின் இடுப்பில். உணவுப்பொருள் ஒரு நாளைக்கு மூன்று முறை அவுன்ஸ் கணக்கில் நிறுக்கப்படும். மாவில் எத்தனை ரொட்டி வரும் என்பது அந்தம்மாவுக்கு அத்துப்படி. படியளப்பது என்ற நம் சொல்லில் கருணையும் கணக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே கணக்கு மட்டும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு குறித்த நேரத்துக்கு மேசைக்கு வராவிட்டால் அந்தம்மா அடுப்படியிலேயே நிற்பாள். பரிமாறக் கொண்டுபோன பின், சமைத்த சட்டிபானைகளில் எல்லாம் எச்சில் துப்புவாள். சமைத்தவளும் அவள் பிள்ளைகளும் ஒட்டியிருக்கும் குழம்பை வழித்துத் தின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். கணவனின் கொடுமையால் மனம் பேதலித்த பெண்ணின் செயலாக இதை விளக்குபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதில் ஒரு வெறியும் இல்லை. நேரம் தவறாத நிர்வாகம் இருக்கிறது.

பால் விஷயத்துக்கும் கணக்கு இருந்தது. ஜேக்கப்ஸின் பாட்டி தன் மகளுக்கும் எஜமானியின் மகளுக்கும் ஒரே காலத்தில் பால் கொடுத்தவள். எஜமானியின் குழந்தைக்குப் பால் போதவேண்டும் என்பதற்காகப் பாட்டியின் மகளுக்கு மூன்றாம் மாதத்திலேயே பால் மறக்கடிக்கப்பட்டது. அந்த மகள்தான் ஜேக்கப்ஸின் தாய். பால் குடித்து வளர்ந்த மற்றவள் பின்னாளில் ஜேக்கப்ஸுக்கு எஜமானி ஆனாள். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாள், அன்பாகவும் இருந்தாள். சாகும்போது உயில் எழுதி, அந்தச் சிறுமியைத் தன் அக்காள் மகளான ஒரு குழந்தைக்கு விட்டுப்போனாள்.

அதே பாட்டி வீட்டு வேலையெல்லாம் முடித்து, நள்ளிரவில் பிஸ்கோத்து சுட்டு விற்று 300 டாலர் சேர்த்திருந்தாள். பிள்ளைகளை விலைக்கு வாங்கி மீட்கச் சேர்த்த பணம். எஜமானி அதைக் கடனாகக் கேட்டு வாங்கினாள். அவள் செத்ததும் பாட்டி கேட்டால், சட்டப்படி கொடுக்க முடியாது என்று பதில். அடிமை சொத்து; சொத்துக்கு ஏது சொத்து? அந்தப் பணத்தில் வாங்கிய வெள்ளி விளக்குத் தண்டு மட்டும் மருத்துவர் வீட்டில் இருந்தது. அது அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் என்று ஜேக்கப்ஸ் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார். குடும்பப் பாரம்பரியம் பற்றி இதைவிடக் கூர்மையான ஒன்றை நான் படித்ததில்லை.

இனி மேரி செஸ்நட். பெண்ணிய வாசிப்புகளில் அவருக்கு ஒரு செல்லமான இடம் உண்டு. மனைவியைப் போல ஓர் அடிமை வேறில்லை என்று எழுதியவர். 1861 மார்ச்சில், ஒவ்வொரு சீமாட்டியும் அடுத்த வீட்டுக் கலப்புநிறக் குழந்தைகளின் தகப்பன் யாரென்று சொல்லிவிடுவாள், தன் வீட்டுக் குழந்தைகள் மட்டும் வானத்திலிருந்து விழுந்தவை என்பாள் எனக் கிண்டலடித்தவர். துணிச்சல்தான். ஆனால் அந்த இடத்தில் யாருக்காகப் பரிதாபப்படுகிறார் என்று பாருங்கள்: அசிங்கத்துக்கு நடுவே வாழ வேண்டியிருக்கிற வெள்ளை மனைவிக்காக. குழந்தையைச் சுமந்தவளுக்கு அந்தப் பக்கத்தில் வலி கிடையாது, குரலும் கிடையாது. இதற்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. குழந்தையின் நிலை தாயின் நிலையே என்று வர்ஜீனியா 1662இலேயே எழுதிவைத்துவிட்டது. தகப்பனுக்கு மகன் இல்லை, ஒரு உருப்படி கூடியது.

எஜமானியும் ஆணாதிக்கத்தின் பலியாள், ஆகவே அடிமைப் பெண்ணின் மறைமுகத் தோழி என்கிற வாதம் 1970, 80களில் செல்வாக்காக இருந்தது. எலிசபெத் ஃபாக்ஸ்-ஜெனோவீஸ் 1988இலும் தவோலியா கிளிம்ஃப் 2008இலும் அதை உடைத்தார்கள். பண்ணை வீடு ஒரு வேலைத்தலம், எஜமானி அதன் அதிகாரி என்பது கிளிம்ஃபின் வாதம். அவள் கை ஓங்கியது விதிவிலக்கு அல்ல. ஸ்டெஃபனி ஜோன்ஸ்-ரோஜர்ஸ் 2019இல் இன்னும் ஒரு படி போனார். 1930களில் முன்னாள் அடிமைகளிடம் எடுத்த நேர்காணல்களை வைத்துப் பெண்கள் தாங்களே ஆள் வாங்கினார்கள், விற்றார்கள், சொத்துக்காக வழக்காடினார்கள் என்று காட்டினார். மனைவிக்குத் தனிச் சொத்து இருக்கலாம் என்று 1839இல் மிசிசிப்பி போட்ட சட்டத்தைப் பெண்ணுரிமையின் முதல் படிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். அதன் பெரும்பகுதி மனைவியின் அடிமைகளைப் பற்றியது. அந்தப் படி யார் முதுகு?

செஸ்நட்டின் நாட்குறிப்பைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமலே அதில் வேறொன்று பதிவாகியிருக்கிறது: பயம். 1861 ஏப்ரலில் சம்ட்டர் கோட்டையின் மேல் குண்டு விழுகிறது. வேலைக்காரர்கள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவர்களை மேசை நாற்காலியாக நினைத்து எல்லாவற்றையும் எதிரிலேயே பேசுகிறோம். இவர்கள் மந்தமா, காத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்கிறார். செப்டம்பரில் உறவுக்காரக் கிழவி பெட்ஸி விதர்ஸ்பூனை அவளுடைய அடிமைகளே படுக்கையில் மூச்சடைத்துக் கொன்றார்கள். வீட்டு வெள்ளிச் சாமான்களையும் துணிகளையும் எடுத்துப்போய் விருந்து கொண்டாடியதற்காக மறுநாள் சவுக்கடி என்று மகன் மிரட்டியிருந்தான். செய்தி வந்த சில நாளில் செஸ்நட்டின் மாமியார் சாப்பாட்டு மேசையில் சூப் கசக்கிறது, தொடாதீர்கள் என்று கத்துகிறாள். அடிமைகளை ஓயாமல் புகழ்ந்துகொண்டிருந்த கிழவி அவள். செஸ்நட்டின் தங்கையிடம் பணிப்பெண் வந்து, இன்றிரவு உங்கள் அறையிலேயே படுத்துக்கொள்கிறேன் என்கிறாள். காவலுக்கா, கொல்லவா? தங்கையால் முடிவு செய்ய முடியவில்லை. குடும்பம் என்று வாய் நிறையச் சொன்னவர்களுக்கு அந்தக் குடும்பத்தின் முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

சரி, 'குடும்பம் ஒழிக' என்ற நம் முழக்கம் இங்கே என்ன ஆகிறது? ஜேக்கப்ஸின் பாட்டி விடுதலை பெற்று ஒரு சின்ன வீட்டை நிறுத்திவிட்டாள். அந்த வீட்டுக் கூரைக்கடியில் 9 அடி நீளம், 7 அடி அகலம், அதிகம் போனால் 3 அடி உயரமுள்ள பொந்தில் ஜேக்கப்ஸ் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தார். கீழே தன் பிள்ளைகளின் பேச்சுக் கேட்கும். பதில் பேச முடியாது. அந்த வீடும் குடும்பம்தான். ஏஞ்சலா டேவிஸ் 1971இல், சிறையில் இருந்தபடி எழுதிய கட்டுரையில், அடிமைக் குடிசையில் சொந்த மனிதர்களுக்காகச் செய்த வேலை ஒன்றுதான் எஜமானன் நேரடியாக உரிமை கொண்டாட முடியாத உழைப்பு என்றார். 1990இல் பெல் ஹூக்ஸ் வீட்டை எதிர்ப்பின் தலமாகவே வாசித்தார். இரவில் தங்கள் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்ட பெண்களிடம் போய்க் குடும்பத்தை ஒழி என்று எந்த வாயால் சொல்வது? அதை எஜமானன் ஏலத்திடலில் ஏற்கெனவே ஒழித்துக்கொண்டுதான் இருந்தான். 1859இல் சவான்னா குதிரைப் பந்தயத் திடலில் பியர்ஸ் பட்லர் என்ற பண்ணையார் இரண்டே நாளில் நானூறு பேருக்கும் மேல் விற்றுத் தன் கடனை அடைத்தார். இதை ஏற்காத தோழர்களோடு வாதாடத் தயார்.

நான்சி என்பவள் ஜேக்கப்ஸின் சித்தி. ஃபிளின்ட் வீட்டில் எல்லாப் பொறுப்பும் அவளுடையது. கல்யாணச் சடங்கு முடிந்த கையோடு, எஜமானியின் அறை வாசலில் நடைத் தரையில் போய்ப் படுக்கச் சொல்லி உத்தரவு. எஜமானி கர்ப்பம், ராத்திரி தண்ணீர் கேட்டால் கொடுக்க ஆள் வேண்டும். அந்தத் தரையில் படுத்தும் எழுந்தும் நான்சிக்கு ஆறு குறைப்பிரசவம். பிறகு பிறந்த இரண்டும் தங்கவில்லை. நான்சி செத்தபோது எஜமானியம்மாவுக்கு ஓர் ஆசை வந்தது: அவளைத் தங்கள் குடும்ப இடுகாட்டில், தன் காலடியில் புதைக்க வேண்டும். பாதிரியார் மூலம் கேட்டனுப்பினாள். பாட்டி உடனே சொல்லிவிட்டாள்: நான்சி எங்கள் ஆட்களோடு கிடக்கட்டும், நாளைக்கு என் கட்டையும் அங்கேதான் போகும். எஜமானி பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தாள். அடக்கத்துக்கு வண்டியில் வந்து, ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுத் திரும்பிப் போனாள். வடக்கேயிருந்து வந்த வழிப்போக்கன் யாராவது பார்த்திருந்தால் எஜமானர்களின் பாசத்தை உருகி எழுதியிருப்பான் என்கிறார் ஜேக்கப்ஸ். அவர் அதைப் போய்ப் பார்க்கவில்லை. கூரைப் பொந்தில் இருந்தார்.