கூழ்முட்டை மணக்கும் கறுப்புக் களி

கச்சான் காற்று அனலாய் வீசிய ஒரு மாதத்தில்தான் எங்கள் ஒலுவில் வளவில் புதுக்கிணறு வெட்டினோம். மேலே முழுக்கக் கடற்கரை மணல். அகலமாய்க் குழி தோண்டி, அடியிலிருந்து கொட்டு அடுக்குவதாகப் பேச்சு. ஆள் உயரம் தாண்டியதும் வெட்டுகிற காக்காவின் மண்வெட்டி சதக்கென்று எதிலோ புதைந்தது. கூடவே கிளம்பியது கூழ்முட்டை நாற்றம். எட்டிப் பார்த்தேன். மஞ்சள் மணல் கத்தியால் வெட்டியதுபோல் முடிந்து, அதன் கீழே கரிக்கறுப்பில் களி.

“பழைய களப்புச் சேறு தம்பி. இத அள்ளித் தூரக் கொட்டணும், இல்லாட்டித் தண்ணி நாறும்” என்றார் காக்கா.

தூரக் கொட்ட நான் விடவில்லை. நான்கு வாளி வாங்கி வைத்துக்கொண்டேன். அன்று பிடித்த பித்து இன்றுவரை இறங்கவில்லை!

ஒரு கட்டியை வெயிலில் வைத்தேன். அஸருக்குப் பள்ளிக்குப் போகும்போது மேல்தோல் சாம்பல் நிறமாகியிருந்தது. மறுநாள் மங்கிய பழுப்பு. உடைத்தால் உள்ளே இன்னும் கறுப்பு. இன்னொரு துண்டில் சமையலறை வினாகிரியைச் சொட்டினேன். மட்டி ஓட்டுத் துணுக்குகள் நுரைத்தன. நாற்றம் பொங்கி எழுந்து உம்மாவையே முற்றத்துக்கு அழைத்து வந்துவிட்டது.

இந்த இரண்டிலும் ஒரு பெரிய செய்தி இருக்கிறது. காற்றோட்டமில்லாத சேற்றில் இலையும் பாசியும் மீனும் செத்து விழுந்தால் முழுதாய் மக்குவதற்கு ஒட்சிசன் போதாது. ஒட்சிசன் இல்லாமலே வாழும் பற்றீரியாக்கள் கடல்நீரிலுள்ள சல்பேற்றைக் கொண்டு அவற்றைத் தின்கின்றன. அவை விடும் ஐதரசன் சல்பைட்டுத்தான் அந்தக் கூழ்முட்டை மணம். அது சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்தால் கறுப்பு இரும்புச் சல்பைட்டு, நாளடைவில் பைரைட்டு. நுணுக்குக்காட்டியில் அந்தப் பைரைட்டு, மணியளவுக்குச் சிறுத்த பூந்தி லட்டுகளைப்போல உருண்டை உருண்டையாய்த் தெரியும். காற்றுப் பட்டதும் இரும்பு துருவேறிப் பழுப்பாகிறது. ஆகவே கறுப்பு என்றால், “இங்கே அன்று மூச்சு இருக்கவில்லை” என்று களி தானே எழுதிவைத்த சாட்சி.

அதைவிட என்னைச் சொக்கவைத்தது குழியின் சுவர். மேல்மணலில் நண்டும் புழுவும் துளைத்த துளைகள் தாறுமாறாய்க் கிடந்தன. கறுப்புக் களியிலோ ஒரு துளைகூட இல்லை. குர்ஆன் பிரதியின் பக்கவாட்டைப் பார்ப்பதுபோல நுணுக்கமான வரிகள், ஒன்றின்மேல் ஒன்று, கலையாமல். புழு வாழ முடியாத இடத்தில் அடுக்கைக் கலைக்க யாருமில்லை அல்லவா! மணிக்கணக்கில் குழிக்குள் நின்றேன். எத்தனை அழகு!

இப்படி அடுக்கடுக்காய் எழுதிய சாட்சி எங்கள் நாட்டில் எல்லா இடத்திலும் கிடைக்காது. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலத்துக்கு அடியில் கிடப்பவை வெந்து உருமாறிய மிகப் பழைய பாறைகள். எங்கள் கிழக்கில் அவற்றை விஜயன் தொகுதி என்பார்கள். அந்த வேக்காட்டில் பழைய எழுத்து ஏறக்குறைய அழிந்தே போயிற்று. எழுத்து மிஞ்சியிருப்பது அடையற்பாறையில்தான். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள்: மயோசீன் காலத்து ஆழமற்ற, வெதுவெதுப்பான, காற்றோட்டமுள்ள கடலின் வெள்ளைப் பக்கம் அது. எங்கள் கிணற்றுக் களி அழுந்தி இறுகினால் கறுப்புப் பக்கமாகும், கறுப்புக் களிப்பாறை.

உலகின் கறுப்புப் பக்கங்களில் பெரியவற்றில் ஒன்று ஏறத்தாழ 9 கோடியே 40 இலட்சம் ஆண்டுக்கு முந்தையது. இத்தாலியின் குப்பியோ ஊர்ப்பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லின் நடுவே கிட்டத்தட்ட ஒரு மீற்றர் கனத்தில் ஒரு கறுப்புப் பட்டை ஓடுகிறது. அதை விவரித்த புவியியலாளர் பொனரெல்லியின் பெயரே அதற்கு. ஆழ்கடலில் துளையிட்டபோது அதே வயதுக் கறுப்பு வேறு கடல்களிலும் வந்தது. ஒரு மூலையில் நடந்ததல்ல இது, பரந்த கடற்பரப்புகளே மூச்சுமுட்டிய காலம் என்று 1976இல் புவியியலாளர்கள் ஷ்லாங்கரும் ஜென்கின்ஸும் எழுதினார்கள். எரிமலைகள் காபனீரொட்சைட்டைக் கக்கின, பூமி சூடேறியது, மழை நிலத்தின் சத்தையெல்லாம் கடலுக்கு அள்ளிச் சென்றது, பாசி பெருகி, செத்து, அழுகி ஒட்சிசனைத் தின்றது. வயல்வெளியின் பசளை கரைந்த தண்ணீர் களியோடை ஆற்றின் வழியாக இறங்கும் ஊரில் பிறந்தவனுக்கு இதை விளங்கிக்கொள்ளப் பாடப்புத்தகம் தேவையில்லை.

இன்னொன்று. எங்கள் தெருவில் பாதி வீடுகள் சவூதிச் சம்பளத்தில் எழுந்தவை. அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது? யுராசிக் காலத்தில் மூச்சுமுட்டிய கடலடியில் மக்காமல் தங்கிய சேறு, ஆழத்தில் புதைந்து வெந்து எண்ணெயாயிற்று. வாப்பா பதினெட்டு வருடம் அங்கே உழைத்து அனுப்பியது, ஒருவகையில் இந்தக் களியின் காசு. அன்று இதைச் சொன்னபோது வாப்பா ஒரு கட்டியை எடுத்து வெகுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார்.

மறுபடி எங்கள் கிணற்றுக்கு வருவோம். குழியின் உச்சியில், புல்வேருக்குச் சற்றுக் கீழே, ஒரு விரல் கனத்தில் சாம்பல் மணல் தெரிந்தது. “இது சுனாமி மண்” என்றார் காக்கா. 2004 டிசம்பர் 26. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன காலை, மண்ணில் ஒரு விரல். இதேபோல அம்பாந்தோட்டையில் கரகன் களப்பின் சேற்றைக் குழாய் இறக்கி எடுத்து ஆராய்ந்த முடிவை மியாமி பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்டார்கள். 2004இன் மணலுக்குக் கீழே, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பின்னோக்கி, அதேபோன்ற சுனாமி மணல் அடுக்குகள் இன்னும் பல இருந்தன. ஏடுகளில் இல்லாத அலைகளையும் அந்தச் சேறு எண்ணி வைத்திருந்தது! அதை வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

உங்கள் வளவிலும் கிணறோ மலசலகூடக் குழியோ வெட்டுவார்கள். அன்று ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். விளிம்பில் நிற்பவர்கள் கவனம். கறுப்பு வந்தால் ஒரு போத்தலில் இட்டு, மேலே தண்ணீர் நிரப்பி இறுக மூடுங்கள், நிறம் நாள்பட நிற்கும். குழிச்சுவரைப் படம் எடுங்கள், அளவுக்கு அருகில் ஓர் அடிக்கோலை வையுங்கள். கொட்டு இறக்கி மண் போட்டு மூடிவிட்டால் அந்தச் சுவரை மறுபடி பார்க்க முடியாது.