நாங்களும் நாமும்: பவுலடியாரின் கடற்செலவும் அவர் வழிச்செல்வோரும்

புதிய ஏற்பாட்டில் ‘அப்போஸ்தலர் நடபடிகள்’ என வழங்கும் பகுதி சமய வரலாறாகவும் இறையியல் மூலமாகவும் பெரிதும் பயிலப்பட்டுள்ளது. அதனைச் செலவு நூலாகக் கொண்டு பயின்றோர் ஒப்பளவில் சிலரே. பவுலடியார் நிலவழியாகவும் நீர்வழியாகவும் சென்ற ஊர்களைத் தாமும் காண விழைந்த திருச்செலவினர் அச்சிலருள் முதன்மையானவர். கத்தோலிக்கத் திருச்சபை 2008 சூன் முதல் 2009 சூன் வரை பவுலடியார் ஆண்டு கொண்டாடியது. துருக்கி, கிரேக்கம், மால்ட்டா, இத்தாலி ஆகிய நாடுகளை இணைத்து அவ்வடியார் வழிச் செல்லும் குழுக்கள் இன்றும் பல. அவ்வாறு செல்வோர் மூலநூலுள் தமக்குரிய இடம் எது என்று தேடியவர்களா என்பது ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சிக்குத் தமிழ் இலக்கணம் ஒரு வாயில் திறக்கின்றது. அதன்வழிச் சென்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தன்மைப் பன்மையும் மொழிபெயர்ப்பும்

நடபடிகள் நூல் பெரும்பாலும் படர்க்கையில் நடக்கின்றது. எனினும் பதினாறாம் அதிகாரத்தில் துரோவா பட்டினத்திலிருந்து மக்கெதோனியாவுக்குப் புறப்படுமிடத்து, ஆசிரியர் முன்னறிவிப்பு ஏதுமின்றித் தன்மைப் பன்மைக்கு மாறுகின்றார். பிலிப்பியிலிருந்து மிலேத்து வரையும், அங்கிருந்து எருசலேம் வரையும், இறுதியாகச் செசரியாவிலிருந்து உரோமை வரையும் இத்தன்மைப் பன்மை மீண்டும் தோன்றும். ஏனைய இடங்களில் மறைந்துவிடும்.

கிரேக்க மொழியில் தன்மைப் பன்மைப் பெயர் ஒன்றே. கேட்போரை உளப்படுத்துவதா, விலக்குவதா என்பதை அச்சொல் காட்டாது. தொல்காப்பியர் யாம், நாம் என இரண்டினை வைத்தார். பிற்கால வழக்கில் யாம் என்பதன் இடத்தை நாங்கள் என்பது பெற்றது. எனவே, மூலத்தில் மறைந்து கிடக்கும் ஒரு செய்தியைத் தமிழில் பெயர்ப்பவர் ஒவ்வோரிடத்தும் வெளிப்படுத்தியே ஆகவேண்டும். இவ்வகையில் தமிழ் மொழிபெயர்ப்பு தானே ஒரு திறனாய்வாகி விடுகின்றது.

சீர்திருத்தத் திருச்சபையார் பலரும் இன்று வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு, செலவினை உரைக்கும் ஆசிரியர் கூற்றுக்கு நாங்கள் என்பதையே கொண்டது. இந்நூல் தெயோப்பிலு என்பார்க்கு உரைக்கப்பட்டது. அவர் கப்பலில் இல்லாதவர். ஆதலின் இது இலக்கணத்தொடு பொருந்தியதே. ஆனால், கப்பலில் இருந்தோரை நோக்கிப் பவுலடியார் பேசுமிடத்து அதே மொழிபெயர்ப்பு நாம், நம் என்னும் வடிவங்களை ஆள்கின்றது. கிரேக்கத்திலோ ஆங்கிலத்திலோ கற்பவர் செவிக்கு எட்டாத ஒரு வேற்றுமை தமிழ் கற்பவருக்கு எட்டுகின்றது. உரைப்பவர் தம் கற்போரை வெளியே நிறுத்துகின்றார். உரைக்கப்படும் அடியாரோ தம்மொடு கலம் ஏறிய அனைவரையும் உள்ளே சேர்த்துக்கொள்கின்றார்.

2. கடற்செலவு மரபு எனும் கொள்கை

இத்தன்மைப் பன்மையை ஆசிரியர் உடன்சென்றமைக்குச் சான்றாகக் கொள்வது பழைய கருத்து. வெர்னான் இராபின்சு என்னும் அமெரிக்க அறிஞர் 1978 இல் வேறொரு கொள்கையை விரித்துரைத்தார். நடுநிலக்கடற் பகுதிப் பழைய இலக்கியங்களில் கடற்செலவைத் தன்மைப் பன்மையிற் கூறுவது ஒரு மரபு என்றும், இந்நூலாசிரியரும் அம்மரபினைப் பின்பற்றினார் என்றும் அவர் கூறினார்.

இக்கொள்கை முழுதும் ஏற்கத்தக்கதன்று. பவுலடியார் செலூக்கியாவிலிருந்து சைப்பிரசுத் தீவிற்கும், பாப்போவிலிருந்து பம்பிலியாவின் பெர்கேவுக்கும், கெங்கிரேயாவிலிருந்து எபேசு வழியாகச் செசரியாவுக்கும் சென்றவையும் கடற்செலவுகளே. அவை யாவும் படர்க்கையில் உள்ளன. பிலிப்பி நகரிலோ கப்பலை விட்டு இறங்கிய பின்னரும் தன்மைப் பன்மை சிறிது தொடர்கின்றது. எனினும் இராபின்சு எழுப்பிய வினா பயனற்றதன்று. ‘யார் உடன்சென்றார்’ என்று மட்டுமே வினவி வந்த ஆராய்ச்சியை, ‘இவ்வடிவம் கற்போரை என் செய்கின்றது’ என்று வினவுமாறு அது திருப்பியது.

3. கப்பலுள் வளரும் தன்மைப் பன்மை

இருபத்தேழாம் அதிகாரமே இந்நூலின் மிக விரிந்த கடற்செலவு. ஏறத்தாழ கி.பி. 60 ஐ ஒட்டி நிகழ்ந்ததாகக் கருதப்படும் இச்செலவில் பவுலடியார் விசாரணைக் கைதியாக உரோமைக்குக் கொண்டு செல்லப்படுகின்றார். மீறா துறையில் அலெக்சாந்திரியாவின் கோதுமைக் கப்பல் ஒன்றில் ஏற்றப்படுகின்றார். கிரேத்தா தீவின் தென்கரையில் மாரிக்காலம் நெருங்குகின்றது. அங்கேயே தங்குதல் நன்று என்று அவர் கூறிய சொல் ஏற்கப்படவில்லை. வடகீழ்த் திசையிலிருந்து எழுந்த கடுங்காற்றில் கலம் பதினான்கு நாள் அலைகின்றது.

இவ்வதிகாரத்தின் வினைமுற்றுகளை நோக்கின் ஓர் ஒழுங்கு புலனாகும். கப்பலைக் கயிற்றால் சுற்றிக் கட்டியதும், சரக்கை எறிந்ததும், விழுது விட்டு ஆழம் பார்த்ததும், பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரம் இறக்கியதும் படர்க்கையில் உள்ளன. காற்றில் அலைப்புண்டதும், பிழைப்போம் என்னும் நம்பிக்கை அற்றதும், பாறையில் மோதுவோம் என்னும் அச்சமும் தன்மையில் உள்ளன. தொழில் மாலுமியருடையது, துன்பம் அனைவருடையது. படகினை இழுத்துக் காப்பாற்றிய ஓரிடத்து மட்டும் தொழிலும் தன்மையில் வருகின்றது. அங்கே செலவினரும் கைகொடுத்தனர் போலும்.

கப்பலின் தளவாடங்களைக் கைகளால் எறிந்த செய்தியில் ஒரு பாடவேறுபாடு உண்டு. தொன்மையான முதன்மைப் படிகள் ‘எறிந்தார்கள்’ என்னும் பொருள்படவும், பிற்காலப் படிகள் பல ‘எறிந்தோம்’ என்னும் பொருள்படவும் உள்ளன. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு பின்னதையே தழுவியது. முன்னதே மூலபாடம் எனின், படியெடுத்தோர் தம்மை அறியாமலே கதையின் ஓட்டத்தில் படர்க்கையைத் தன்மையாக்கினர் எனல் வேண்டும். இது பிழையாயினும், நூலின் போக்கை உணர்ந்தோர் செய்த பிழை.

தொடக்கத்தில் இத்தன்மைப் பன்மையுள் அடங்கியோர் பவுலடியாரும், அரிஸ்தர்க்கு என்பாரும், உரைப்பவருமே எனலாம். பவுலடியார் அப்பத்தை எடுத்து, நன்றி கூறி, அனைவர் முன்னிலையிலும் உண்ணத் தொடங்குகின்றார். அதன்பின் கப்பலில் இருந்தோர் தொகை 276 என்று சொல்லப்படுகின்றது. அத்தொகை படர்க்கையில் கூறப்படாமல் தன்மையில் கூறப்படுகின்றது. தமிழில் அது பெயரின்றி ‘இருந்தோம்’ என்னும் வினைமுற்றால் அமைகின்றது. நன்னூலார் ஓம் ஈற்றினைப் படர்க்கையாரை உளப்படுத்துவதாக வைப்பர். ஈண்டு உளப்படுத்தப்படும் படர்க்கையார் யாவர்? படகில் ஏறித் தாம் மட்டும் தப்ப முயன்ற மாலுமியர், கைதிகளைக் கொன்றுவிட எண்ணவிருக்கும் போர்வீரர், ஏனைய கைதிகள். மூவராய்த் தொடங்கிய ‘நாங்கள்’ அப்பம் பகிர்ந்த விடியற்காலையில் இருநூற்றெழுபத்தறுவர் ஆகின்றது.

இவ்விரிவிற்கு வழிகோலியது பவுலடியாரின் ‘நாம்’ என்பதே. ‘நம் உயிருக்கும் கேடு வரும்’ என்ற கருத்தில் அவர் முதற்கண் எச்சரித்தார். பின்னர், உயிர்ச்சேதம் இராது, கப்பலே அழியும் என்று திருத்திக் கூறினார். ஆசிரியர் இவ்வேறுபாட்டை மறைக்கவில்லை. இரு கூற்றினும் மாறாது நின்றது, தம்மைச் சிறையாகக் கொண்டு செல்வோரையும் உளப்படுத்தும் அச்சொல்லே.

4. வழிச்சென்றோர் எழுத்து

பவுலடியாரொடு தொடர்புடைய இடங்களுக்குச் சென்று எழுதியோருள் தொன்மையானவர்களில் ஒருவர் எகேரியா அம்மையார். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் கீழ்த்திசைத் திருத்தலங்களைக் கண்ட அவர், செலூக்கியாவை அடுத்திருந்த தெக்கிலா அம்மையாரின் தலத்திற்கும் சென்றார். தெக்கிலா பவுலடியாரின் மாணவியாகப் பழங்கதை கூறுபவர். எகேரியா அத்தலத்திலேயே அவர் வரலாற்றைப் படிக்கச் செய்தார். இடத்திற்குரிய ஏட்டை அவ்விடத்தில் படித்தல் அவர் செலவின் நெறி. தாம் கண்டவற்றை ஊரில் இருந்த உடன்பிறவா அம்மையார்க்கு அவர் எழுதினார். அவர் நடையும் ஒரு ‘நாங்கள்’ நடையே.

ஜேம்ஸ் ஸ்மித் என்னும் ஸ்காத்துலாந்தினர் பாய்க்கலம் ஓட்டிப் பழகியவர். 1844-45 மாரிக்காலத்தை மால்ட்டாவில் கழித்து, 1848 இல் இக்கடற்செலவு பற்றித் தனிநூல் வெளியிட்டார். கிலௌதா தீவிலிருந்து மால்ட்டாவரை ஏறத்தாழ 476 மைல் என்றும், அக்காற்றில் அத்தகைய கலம் மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை மைல் ஒதுக்கப்படும் என்றும் கணக்கிட்டார். பதின்மூன்று நாளுக்குச் சற்று மிகுந்த காலம் வந்தது. உரைப்பவர் கூர்ந்து நோக்கியவர், ஆயினும் மாலுமி அல்லர் என்பதும் அவர் முடிபு. தொழிலைப் படர்க்கையிலும் துன்பத்தைத் தன்மையிலும் வைக்கும் ஒழுங்கிற்கு இம்முடிபு அரண் செய்கின்றது. ஆயினும் நூல் மெய்யா என்பதே அவர் வினாவாதலின், அளவை முடிந்தவிடத்து அவர் ஆராய்ச்சியும் முடிந்தது.

1936 இல் எச். வி. மார்ட்டன் வெளியிட்ட செலவு நூல் பரவலாகப் படிக்கப்பட்டது. அது முற்றும் ‘நான்’ என்னும் ஒருமையின் நூல். தம் காலத்து மனிதரை அவர் தீட்டும் பக்கங்கள் உயிருள்ளவை. ஆனால் அங்கே கப்பலின் ‘நாம்’ இல்லை. தனியொருவரின் கண்ணே உண்டு.

இன்றைய திருச்செலவினர்க்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. மூலநூலின் கப்பல் நின்ற துறைகள் சில இன்று துறைகளாக இல்லை. மிலேத்துவின் துறைமுகம் மேயாண்டர் ஆறு கொணர்ந்த வண்டலால் தூர்ந்து, கடல் பல மைல் அப்பாற் சென்றுவிட்டது. எபேசு, பத்தாரா ஆகியவற்றின் துறைகளும் தூர்ந்தன. இத்தாலியின் புத்தேயோலியிலோ நிலம் தாழ்ந்தும் உயர்ந்தும் வருதலால் பழங்கரையின் ஒரு பகுதி நீரினுள் கிடக்கின்றது. கப்பல் நின்ற இடத்தில் பேருந்து நிற்கின்றது. இது செல்வோர் குற்றமன்று. எனினும் கடல் நீங்கிய இத்திருச்செலவு ஊர்ப்பெயர்களின் நிரலாகிவிடும் இயல்புடையது. அச்செலவு பற்றி எழுதப்படும் நூல்களும் ‘இங்கே நின்றார், இங்கே பேசினார்’ என அந்நிரலையே நிரப்புகின்றன. மூலநூலின் போக்கு அதுவன்று. துரோவாவிலிருந்து ஆசோவிற்கு உடன்சென்றோர் கப்பலில் செல்ல, பவுலடியார் தனித்து நிலவழியே போனார். அவ்வழியில் அவர் கண்டதையோ நினைத்ததையோ ஆசிரியர் ஒரு சொல்லாலும் கூறவில்லை. உரை கப்பலோடு செல்கின்றது.

5. கரையில் நின்றோர்

தமிழில் ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை, பெற்றவன் பெறாதவனுக்கு வழி காட்டுவது. அங்கே கேட்போன் முன்னிலையில் நிற்கின்றான், வழியும் அவனுக்குரியதாகின்றது. திருச்செலவுக் கையேடுகள் ஆற்றுப்படைக்கு இனமானவை. நடபடிகள் நூல் ஆற்றுப்படையன்று. தெயோப்பிலுவை ‘நீயும் செல்க’ என்று அது ஓரிடத்தும் ஆற்றுப்படுத்தவில்லை. ஆகவே, அதனை ஆற்றுப்படையாக்கிக்கொண்டு வழிச்செல்வோர், நூல் தராத இடத்தைத் தாமே எடுத்துக்கொள்கின்றனர். ஒத்த நம்பிக்கையுடையோர் ஒரு குழுவாய்ச் செல்லும்போது அமைவது மீண்டும் அந்தத் தொடக்கத்து ‘நாங்கள்’. கப்பலில் அது எவ்வாறு விரிந்தது என்பது அக்குழுவின் பட்டறிவிற்கு வருவதில்லை.

அவ்வாறாயின் ‘நாங்கள்’ என்பதற்குப் புறத்தே நிற்பவர்க்கு இந்நூல் இடமே தரவில்லையா? தருகின்றது, அது கப்பலில் அன்று, கரையில். கலம் உடைந்து, நீந்தியும் பலகை பற்றியும் அனைவரும் மால்ட்டாவில் ஏறினர். மழையும் குளிரும் மிகுந்த அப்பொழுதில் மொழியறியாத தீவினர் தீ மூட்டி அவர்கள் அனைவரையும் ஏற்றுக்கொண்டனர். கைதி யார், காவலர் யார் என்று அவர்கள் வினவியதாக நூல் கூறவில்லை. உரைப்பவர் அவர்களை ‘நாங்கள்’ என்பதனுள் சேர்க்கவில்லை. ஆயினும் அவர்கள் காட்டிய அன்பு சிறிதன்று எனப் பதிவு செய்கின்றார். செலவில் சேராதவர் செயலுக்கு இதனினும் உயர்ந்த இடம் இச்செலவில் வேறெங்கும் இல்லை.

மால்ட்டாவினர் ஆண்டுதோறும் பிப்பிரவரி 10 ஆம் நாள் இக்கலமுடைவை விழாவாகக் கொண்டாடுகின்றனர். தாம் வழிச்சென்றோர் என்றல்ல, வரவேற்றோர் என்ற முறையில் கொண்டாடும் விழா அது. 2022 ஏப்பிரலில் அந்நாள் போப்பாண்டவர் பிரான்சிஸ் அத்தீவிற்குச் சென்றபோது, தீவினர் காட்டிய அவ்வன்பினைக் குறிக்கும் மறைத்தொடரே செலவின் கருப்பொருளாக வைக்கப்பட்டது. அதே கடலில் கலமேறி வரும் ஏதிலியரைப் பற்றி அவர் அங்கே பேசினார். மூலநூலைச் செலவு நூலாக நுணுகிக் கற்றார் எவரும் அப்பொருத்தத்தை மறுக்க இயலாது.

தமிழில் நடபடிகள் நூல் 1714 இல் தரங்கம்பாடியில் அச்சேறிய புதிய ஏற்பாட்டு முதற்பகுதியிலேயே இடம்பெற்றது. அன்று தொட்டு இன்றுவரை வந்த மொழிபெயர்ப்புகள் யாம், நாம், நாங்கள் என்பவற்றை எங்கெங்கு ஆண்டன என்பதை இடந்தோறும் ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துதல் ஆராய்ச்சி மாணவர்க்கு ஏற்ற பணியாகும். பவுலடியாரின் ‘நாம்’ என்பதை ‘நாங்கள்’ எனப் பெயர்த்தால், அக்கப்பலில் இருந்த பலரை மொழிபெயர்ப்பாளரே கடலில் இறக்கிவிட்டவராவர். உரைப்பவரின் ‘நாங்கள்’ என்பதை ‘நாம்’ எனப் பெயர்த்தால், கரையில் நின்று தீ மூட்டவேண்டிய கற்போரைக் கலத்தில் ஏற்றியவராவர். ஓரெழுத்தும் ஈரெழுத்தும் மாறுவதால் விளையும் இவ்வேறுபாட்டைக் காத்து வந்த பழைய மொழிபெயர்ப்பாளர் திறம் போற்றற்குரியது.